எங்கூட்டுக்கு நான் வந்துட்டனுங்க

நோயாளிகளைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. அவர்கள் பாவம், முனகுவார்கள், மாத்திரையை எங்கே வைத்தோம் என்று தேடுவார்கள், டிவி சத்தம் அதிகமானால் எரிந்து விழுவார்கள், அதோடு சரி. டாக்டர்களைக் கண்டும் பயம் வேண்டாம், அவர்களுக்கு உங்களை நிமிர்ந்து பார்க்கவே நேரமில்லை. பயப்பட வேண்டிய இனம் வேறொன்று இருக்கிறது. அதன் பெயர் குணமானவர். என்றைக்கோ ஒரு வியாதி வந்து, எதையோ செய்து, அந்த வியாதி எப்படியோ போய்விட்டது பாருங்கள், அந்த ஆசாமிதான். அன்றிலிருந்து அவருக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. மனசில்தான் ஒரே ஒரு குறை. மற்றவர்கள் இன்னும் குணமாகாமல் இருக்கிறார்களே என்கிற குறை.

இந்த இனத்தில் கிளைகள் பல. வாயில் நல்லெண்ணெயை ஊற்றிக் கொப்பளித்துக் குணமானவர், விடியற்காலையில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக் குணமானவர், காந்தம் வைத்துத் தைத்த மெத்தையில் படுத்துக் குணமானவர் என்று இந்தத் தொண்ணூறுகளில் தெருவுக்கு ஒருவர் தேறுகிறார். இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். எதையாவது விழுங்கச் சொல்வார்கள், விழுங்கியதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் யோகாசனத்தில் குணமானவர் இருக்கிறாரே, அவர் உங்களை அங்கேயே, அப்போதே, தரையில் படுக்கச் சொல்வார். என்ன செய்வீர்கள்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டியதுதான்.

அதிலும் எங்கள் கோயமுத்தூர்ச் சீமையில் இந்த இனம் செழித்து வளர ஒரு தனிக் காரணம் உண்டு. இங்கே யாரும் யாரையும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதில்லை. காலை மிதித்தவரிடமும் “ஏனுங்க, கொஞ்சம் காலை எடுத்துக்கறீங்களா, என்ற காலு அடியில இருக்குதுங்க” என்று கேட்கிற ஜனங்கள். இப்படிப்பட்ட மண்ணில் குணமானவர் ஒருவர் முளைத்தால் அவரைத் தடுப்பார் யார்?

ஆறுச்சாமியை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு நூற்பு மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். வாடையோ கோடையோ, ஷிப்ட் முழுக்க நின்றபடி மேற்பார்வை பார்க்கிற வேலை. இடுப்பு வலி வந்தது. எண்ணெய் தேய்த்தார், பெல்ட் போட்டார், எலும்பு டாக்டரிடம் படம் எடுத்தார், வலி நகரவில்லை. கடைசியில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த யோகா முகாமுக்குப் போனார். வலி போயே போய்விட்டது. அதே வாரத்தில் மில்லையும் இழுத்து மூடியிருந்தார்கள் என்பதும், நின்றுகொண்டே பார்க்கிற வேலை அன்றோடு நின்றுபோனது என்பதும் உண்மைதான். ஆனால் ஆறுச்சாமி அந்தப் பெருமையில் ஒரு துளியைக்கூட மில் முதலாளிக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. எல்லாவற்றையும் புஜங்காசனத்துக்கே கொடுத்துவிட்டார்.

அன்று பிடித்தது. டீக்கடை பெஞ்சில் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார், அதனால் மூன்று பேர் உட்காருகிற பெஞ்சில் ஒருவர் எழுந்து நின்று டீ குடிக்க வேண்டியிருக்கும். உக்கடத்தில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் கூன் போட்டு உட்கார்ந்திருப்பதை ஒரு நிறுத்தத்துக்கு மேல் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டுத்தான் டிக்கெட் வாங்குவார். “மூச்சை எங்க உடறீங்க, நெஞ்சுலயா, வயித்துலயா?” என்று கேட்பார். அதுவரை மூச்சை மூக்கில்தான் விட்டுக்கொண்டிருப்பதாக நம்பியிருந்த அந்த மனிதர், இறங்கும்வரை மூச்சு விடவே பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

எழவு வீட்டையும் அவர் விடுவதில்லை. பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஆறுச்சாமி மாலை போட்டார், கும்பிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உடம்பைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவர் காதில் சொன்னார்: “பாருங்க, எப்பிடி ஆசுவாசமாப் படுத்திருக்கறாரு. உசுரோட இருக்கறப்ப தெனமும் கொஞ்ச நேரம் இப்பிடிப் படுத்திருந்தாருன்னா, இன்னைக்கு இப்பிடிப் படுத்திருக்க வேண்டியதில்லீங்க.” கேட்டவர் ஆமாங்க என்று தலையாட்டினார். வேறு என்ன செய்ய முடியும்?

ஆனால் ஆளுக்கு ஆள் சொல்லி எப்போது உலகத்தைக் குணப்படுத்துவது? அதனால் ஆறுச்சாமிக்கு ஒரு பெரிய ஆசை வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டு எழுத ஒரு ஜன்னல் இருக்கிறது, ஊசி போட ஒரு ரூம் இருக்கிறது, மாத்திரை கொடுக்க ஒரு ஜன்னல் இருக்கிறது, மூச்சு விட மட்டும் ஓர் இடம் இல்லையே. அவர் ஊரான கரட்டுப்புதூரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில், உடைந்த கட்டில்களைப் போட்டுப் பூட்டி வைத்த ரூம் ஒன்று சும்மா கிடந்தது. அந்த ரூம்தான் வேண்டும். அதை வாங்கிவிட்டால் அப்புறம் ஜில்லா, அப்புறம் தமிழ்நாடு, அப்புறம் டெல்லி. ரூம் கிடைப்பதற்கு முன்பே ‘யோகா சிகிச்சைப் பிரிவு’ என்று போர்டு எழுதி வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அவர் மனைவி கனகம் வாரா வாரம் அதைத் துடைத்து மறுபடி உள்ளே தள்ளிவைப்பார்.

கனகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குணமானவரின் மனைவிக்கு எப்போதுமே வேலை அதிகம். விடிந்தும் விடியாததுமாக ஆறுச்சாமி டிவிஎஸ் ஐம்பதில் ஏறிப் பிரசாரத்துக்குக் கிளம்பும்போது, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, “நம்மூட்டுல இன்னைக்கு ஆச்சா?” என்று கேட்பார். கனகம் மொட்டை மாடியிலிருந்து, “ஆச்சுங்க” என்பார். அவர் திருப்தியாகக் கிளம்பிவிடுவார்.

சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்தவர் டாக்டர் ரூத். டவுனில் ரயில்வே காலனியில் இருந்து தினமும் ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறவர். ஆறுச்சாமி கேட்டதை அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், அதுவே பெரிய விஷயம். யோகா கெடுதல் இல்லை என்றும், கொதிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் கொஞ்சம் உதவும் என்று தானே படித்திருப்பதாகவும், ஆனால் மேலே எழுத வேண்டுமானால் கையில் ஆதாரம் வேண்டும் என்றும் சொன்னார். நோயாளிகளை வைத்து வராந்தாவில் மூன்று மாதம் காலையில் நடத்திக் காட்டட்டும், பிரஷர் குறைந்தால் தானே எழுதி, சென்னையிலிருந்து ஆளை வரவழைத்து, ரூமையும் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தார். மாத்திரையை மட்டும் யாரும் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆறுச்சாமி அதற்கும் தலையாட்டினார். மாத்திரை தானாக நின்றுவிடும் என்பது அவர் கணக்கு.

முதல் நாள் வராந்தா நிரம்பி வழிந்தது. ஏன் நிரம்பாது? கரட்டுப்புதூரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆறுச்சாமி போகாத விசேஷம் கிடையாது. கல்யாணமா, காதுகுத்தா, கிடாவெட்டா, புதுமனையா, முதல் ஆளாக நிற்பார். அப்படிப்பட்டவர் கூப்பிட்டு ஒரு வீடு வராமல் இருந்தால் அது மனுஷத்தனமா? சென்னிமலையில் மொத்தமாகச் சொல்லி வாங்கிய போர்வைகளை விரித்து, கொதிப்புக்காரர்களும் ஆஸ்துமாக்காரர்களும் முட்டிவலிக்காரர்களும் வரிசையாகப் படுத்தார்கள். படுத்தவர்களில் பாதிப் பேரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் வாரம்தான் அந்த மாறுதல் வந்தது. மாறுதல் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவு இயல்பாக வந்தது. கிணத்துத்தோட்டத்துத் தெய்வாத்தாளுக்குக் கொதிப்பு, விடியற்காலையில் எழுந்தால் தலை சுற்றும். அதற்காக வீட்டிலிருந்து யாருமே போகாமல் இருக்க முடியுமா? மருமகன் மாசாணம் போனார். லாரி ஓட்டுகிறவர், கல்லைத் தின்றாலும் கரைகிற உடம்பு, அருவாள் போல மீசை. வராந்தாவில் வந்து நின்று, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, “எங்கூட்டுக்கு நான் வந்துட்டனுங்க” என்றார். ஆறுச்சாமி, “கிணத்துத்தோட்டம் வந்தாச்சு” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே தெய்வாத்தாள் பேருக்கு நேராக ஒரு டிக் போட்டார்.

இதில் அவருக்கு ஒரு தப்பும் தெரியவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால் வீட்டிலிருந்து ஒருவர் வந்து தலையைக் காட்டினால் அந்த வீடே வந்த மாதிரிதானே? மாமியாருக்கு வைத்த பத்திரிகைக்கு மருமகன் வந்தால் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவார்களா? பிறந்ததிலிருந்து அப்படியே வாழ்ந்துவிட்ட மனிதர். யோகாவுக்கு மட்டும் வேறு சட்டம் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஆக, ஒவ்வொரு வீடாக ஆள் மாறியது. கரட்டுத்தோட்டத்துப் பொங்கியண்ணனுக்கு ஆஸ்துமா, அவர் மகன் வேலுமணி வந்தான், ஜில்லா அளவில் வாலிபால் ஆடுகிறவன். முட்டி தேய்ந்த மாமியார்களுக்கு மருமகள்கள் வந்தார்கள், சமையலைப் போட்டுவிட்டு ஓடிவந்த அந்தப் பெண்களுக்குத் தினமும் கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருக்கச் சொல்கிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான் என்பதால் ஒருத்திகூட விடுப்பு எடுக்கவில்லை. குணமானவர் பாடம் நடத்துவது கண்ணை மூடிக்கொண்டு. கடைசியில் கண்ணைத் திறந்து, சொந்தச் செலவில் வாங்கிய பிரஷர் கருவியைக் கையில் சுற்றிக் காற்றடிக்கும்போதும் அவர் பார்வை பாதரசத்தின் மேல்தான் இருக்கும். கை யாருடையது என்று பார்க்க அவருக்கு அவகாசம் இல்லை. “கிணத்துத்தோட்டத்துக்கு நூத்திருவது” என்பார். இதே தோட்டம் முதல் வாரத்தில் நூற்றுத் தொண்ணூறில் இருந்தது. சார்ட் பேப்பரில் சிவப்பு மையில் கோடு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி, அப்படியே சமதளத்தில் போய்க்கொண்டிருந்தது. வியாதி என்று ஒன்று அந்த ஊரில் இருந்த தடயமே இல்லை.

டாக்டர் ரூத்துக்குத்தான் மண்டை காய்ந்தது. ஆறு மணிக்கு நூற்றிருபது இருந்த தெய்வாத்தாளுக்குப் பத்து மணிக்குத் தான் பார்க்கும்போது நூற்றுத் தொண்ணூறு இருக்கிறது. ஒரு நாள் இல்லை, எல்லா நாளும். பொங்கியண்ணன் ஆறு மணிக்கு மூச்சை ஒரு நிமிஷம் அடக்குகிறார், பத்து மணிக்கு நாலு படி ஏறி வர முடியாமல் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆறுச்சாமியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் அதைப் பற்றி ஏற்கெனவே வருத்தத்தோடு யோசித்து முடித்திருந்தார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க டாக்டரம்மா. காலைல யோகாவுல எறங்கீருதுங்க. அப்புறம் உங்களப் பாத்ததும் ஏறிக்குதுங்க.”

அப்படியும் உண்டு என்று டாக்டர் புத்தகத்தில் படித்திருந்தார், அதுதான் வினை. அன்றிலிருந்து நோயாளிகளைப் பார்க்கும்போது முடிந்தவரை புன்னகையோடு இருக்கப் பார்த்தார், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றி ஆணியில் மாட்டினார். நூற்றுத் தொண்ணூறு அசையவில்லை. மூன்று மாதம் முடிந்தபோது, கொடுத்த வாக்குக்காக, சார்ட்டில் இருந்ததை இருந்தபடியே மேலே எழுதி அனுப்பினார்.

சென்னையிலிருந்து இணை இயக்குநர் வந்தார். ஸ்டேஷனிலிருந்து வெள்ளை அம்பாசடர், பின்சீட்டில் துண்டு விரித்திருந்தது. வராந்தாவில் ஊரே விறைப்பாக உட்கார்ந்திருந்தது, மாத்திரைக்கு வந்த நோயாளிகள் அந்தப் பக்கக் கடைசியில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்த போர்டு செய்தித்தாளில் சுற்றித் தூணில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இணை இயக்குநர் சார்ட்டைப் பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். தன் சர்வீஸில் இப்படி ஒரு கோட்டை மாத்திரை போட்ட ஊரில்கூடக் கண்டதில்லை என்றார். ரூம் இன்றைக்கே ஒதுக்கப்படுகிறது என்றார். ஆறுச்சாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷம் பெஞ்சுகளிலும் பஸ்களிலும் எழவு வீடுகளிலும் சொல்லித் திரிந்ததை அரசாங்கமே ஏற்றுக்கொண்டுவிட்டது.

அத்தோடு அதிகாரி உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. சார்ட்டில் இருக்கிற இவ்வளவு பேருக்கும் வியாதி தணிந்துவிட்டதால், இனி இவர்கள் பெயருக்கு மாத்திரை அனுப்புவது வீண், அதைத் தேவைப்படுகிற வேறு ஊருக்குத் திருப்பிவிடலாம் என்று அறிவித்தார். டாக்டர் ரூத் சட்டென்று எழுந்து, பத்து மணிக் கணக்கையும் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார்.

வராந்தாவில் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். மாத்திரை நின்றால் வீட்டில் இருக்கிற உயிருக்கு ஆபத்து. உண்மையைச் சொன்னால் ஆறுச்சாமிக்கு ரூம் போய்விடும். அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? கடைசியில் மாசாணம் மெதுவாக எழுந்து, மீசையை ஒதுக்கிக்கொண்டு, “ஐயா, தெய்வாத்தாளுக்கு மட்டும் மாத்திரைய நிறுத்திப்போடாதீங்க” என்றார்.

தெய்வாத்தாளுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகக் குறைந்திருக்கிறதே என்று சார்ட்டைக் காட்டினார் அதிகாரி. பிறகு, “நீங்க யாரு?” என்றார்.

“நான்தானுங்க தெய்வாத்தாள்.”

அதிகாரி சார்ட்டைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். மறுபடி சார்ட்டைப் பார்த்தார். இவர் சொல்லிவிட்டார், நாம் சொல்லாவிட்டால் நம் வீட்டுக்கு மாத்திரை நின்றுவிடுமே என்று வேலுமணியும் எழுந்து தான் பொங்கியண்ணன் என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழ ஆரம்பித்தார்கள். நேற்றுத்தான் கல்யாணமாகி வந்த மாதிரி இருந்த ஒரு பெண், கூச்சத்தோடு, தான் எழுபது வயசு நாச்சாயி என்றாள். சார்ட்டில் இருந்த அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருவருக்கும் ஒரு வியாதியும் இல்லை.

“என்னங்க இது? பிரஷர் மாமியாருக்கு. ஆசனம் பண்றது மருமகன். எப்படிங்க குறையும்?” என்றார் அதிகாரி, யாருக்கு யார் என்ன உறவு என்று விசாரித்துவிட்டு, ஆறுச்சாமியிடம்.

“ஒரே ஊடுதானுங்க” என்றார் ஆறுச்சாமி.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. தெய்வாத்தாளைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தார், ஞாபகம் வரவில்லை. அவளுடைய பிரஷர் மட்டும் மனப்பாடமாக இருந்தது. சுவரோரத்தில் திரும்பிப் பார்த்தார். அங்கேதான் இருந்தாள், தலையைச் சுவரில் சாய்த்து, முகம் வீங்கி. அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் அவள் சிரமப்பட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“எனக்கு மாத்திரை இல்லாட்டி என்னுங்க சாமி, எப்பிடியோ இருந்துக்கறனுங்க. இந்தத் தம்பி ரொம்பப் பாடுபட்டிருக்குது. அதுக்கு ரூமைக் குடுத்துருங்க.”

மூச்சை நெஞ்சில் விடுகிறோமா வயிற்றில் விடுகிறோமா என்று அப்போது ஆறுச்சாமிக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. தூணில் சாய்த்து வைத்திருந்த போர்டைப் பார்க்காமல் பேசினார்.

“ரூம் வேண்டாமுங்க. மாத்திரைய நிறுத்திப்போடாதீங்க. நான் ஊடு வந்துச்சான்னு பாத்தனுங்களே தவிர ஆளைப் பாக்கலீங்க.”

அதிகாரிக்குக் கோபம். சென்னையிலிருந்து இரவு முழுக்க ரயிலில் வந்த கோபமும் அதில் சேர்ந்திருந்தது. ஊரையே ஏமாற்றின நீங்களாவது ஆசனம் செய்கிற ஆள்தானா, இல்லை உங்களுக்கும் மருமகன் இருக்கிறாரா என்று கேட்டார். இந்தக் கேள்வி குணமானவரின் உயிர்நிலையில் பட்டது. ஆறுச்சாமி ஒரு சென்னிமலைப் போர்வையை விரித்தார், குப்புறப் படுத்தார், உள்ளங்கைகளை ஊன்றித் தன்னைக் குணப்படுத்திய அதே புஜங்காசனத்துக்குத் தலையைத் தூக்கினார். பாதி தூக்கியதும் இடுப்பில் எதுவோ பிடித்துக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சொல்லிச் சொல்லியே பொழுது போய்விட்டதில், அவர் கடைசியாக ஆசனம் செய்து வருஷக்கணக்காகிவிட்டிருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து கனகம் எழுந்து வந்தார். புருஷனை மாசாணத்தைக் கொண்டு தூக்கி ஓரமாக உட்கார வைத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, “எங்கூட்டுக்கு நான் செய்யறதுங்க” என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் படுத்தார். புஜங்காசனம் வந்தது, சலபாசனம் வந்தது, அதற்குப் பிறகு வந்தவற்றின் பெயர் அங்கே யாருக்கும் தெரியவில்லை. பேரன் பேத்தி எடுத்த வயசில் அந்த அம்மாள் காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், ஈரத் துணியைக் கொடியில் போடுகிற சாவகாசத்தோடு மறுபடி எடுத்து வைத்தார். கொஞ்சமும் மூச்சிரைக்கவில்லை.

டாக்டர் ரூத் கிட்டே வந்து, “உங்களுக்கு எத்தனை வருஷமா இடுப்பு வலிம்மா?” என்றார்.

“எனக்கு ஒன்னுமில்லீங்களே. அவருக்குத்தானுங்க வலி.”

“அப்புறம் நீங்க ஏன் செய்யறீங்க?”

“அவருக்கு எங்கீங்க நேரம்?” என்றார் கனகம்.

முதலில் சிரித்தது டாக்டர். பிறகு அதிகாரியும் சிரித்துவிட்டார், அவரும் மனுஷன்தானே. சிரித்த வேகத்தில் அவருக்கே கழுத்தில் சுளுக்கிக்கொண்டதாகவும், கனகம் அதை எடுத்துவிட்டதாகவும், அதனால்தான் ரூம் கிடைத்தது என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் நம்பவில்லை. டாக்டர் மறுபடி எழுதினார், இந்தத் தடவை பத்து மணிக் கணக்கையும் சேர்த்து எழுதினார். மாத்திரை எப்போதும் போல வரும். பூட்டிய ரூமையும் திறந்துவிடலாம், பொறுப்பு கனகத்திடம் இருக்க வேண்டும். வியாதி யாருக்கோ அவர்தான் வர வேண்டும். மேலிருந்து வந்த உத்தரவு இவ்வளவுதான்.

உடைந்த கட்டில்கள் வெளியே போயின, போர்டு மேலே ஏறியது. கனகம் வாசலிலேயே நின்று முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். தெய்வாத்தாள் வந்தாள், வெயில் ஏறிய பிறகு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சுப் பயிற்சி செய்தாள். மெதுவாக, மிக மெதுவாக, அவளுடைய சிவப்புக் கோடும் கொஞ்சம் இறங்கியது. சமதளமெல்லாம் இல்லை, மேடும் பள்ளமுமாகத்தான் போனது, டாக்டர் ரூத் அதைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக நம்பினார்.

முதல் சீட்டு யாருக்குப் போட்டார்கள் என்று கேட்கவில்லையே? ஆறுச்சாமிக்குத்தான். இடுப்பு வலி, புறநோயாளி, தினமும் காலை. திறந்த மறுநாள் கனகம் சீட்டைப் பார்த்துப் புருஷன் பேரைச் சொல்ல வாய் வராமல், ஊரில் தங்கள் வீட்டுக்கு வழங்குகிற பேரைச் சொல்லி, “கீழ ஊடு” என்று கூப்பிட்டார். பதில் இல்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். ஆறுச்சாமி விடியற்காலையிலேயே டிவிஎஸ் ஐம்பதில் அன்னூர்ப் பக்கம் போய்விட்டிருந்தார். ஆள் மாற்றி அனுப்பாமல் நேராக வர வேண்டியதன் அவசியத்தைப் பக்கத்து சுகாதார நிலையங்களில் எடுத்துச் சொல்வதற்காக. வரிசையின் கடைசியிலிருந்து மாசாணம் எழுந்து, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

“அண்ணன் போறப்ப சொல்லிப்போட்டுப் போனாருங்க. அவருக்கு இன்னைக்கு நான் வந்திருக்கறனுங்க.”

போகட்டும், ஆறுச்சாமியை விடுங்கள். உங்களை ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்ததா இல்லையா? பாகற்காய்ச் சாறு மைத்துனரோ, காந்த மெத்தை மேனேஜரோ, நீங்கள் தும்மினால் ஓடிவருகிற எதிர்வீட்டுக்காரரோ? ‘இதை அவர்தான் படிக்கணும்’ என்று சிரித்துக்கொண்டே நினைத்தீர்கள் அல்லவா? அவர் படிக்க மாட்டார். அவருக்கு நேரமில்லை. அவருக்குப் பதிலாகத்தான் நீங்கள் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்து முடித்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம், உங்கள் வீடு வந்தாச்சு என்று டிக் போட்டுக்கொண்டேன்.